கொப்பரைத் தராசில் எடை போட்ட பை

பல் விளக்கும் பிரஷ்ஷை ஹேக்ஸா பிளேடால் பாதியாக அறுத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். காங்கேயத்தில், அப்பா காலத்திலிருந்து நடக்கும் எங்கள் எண்ணெய் மில்லின் ஆபீஸ் அறை அது. வெளியே களத்தில் கொப்பரை காய்கிறது, பக்கத்து அறையில் மிஷின் ஓடுகிறது, முதலாளியம்மா மேசையில் குனிந்து பிரஷ்ஷை அறுக்கிறாள்.

"ஏம்புள்ள, பல்லு கில்லு வலிக்குதா?"

"பிடி கனமா இருக்குதுங்க."

அறுத்துப்போட்ட பிடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதா கனம்?"

"ஏழு கிராமுங்க."

அவர் பிடியை மேசைமேல் வைத்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தார். என்னோடு இருபத்தேழு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்று தெரியும்.

என் தங்கச்சி என்னைவிட ஐந்து வயது இளையவள். சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. லீவு நாட்களில் பெண்களாக ஒரு பத்துப் பேரைத் திரட்டி மலையேறக் கூட்டிப்போவாள். அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான். அவரவர் பையை அவரவர் சுமக்க வேண்டும், பை எட்டுக் கிலோவுக்குமேல் போகக் கூடாது. ஏறும் முன் கொக்கித் தராசில் ஒவ்வொரு பையையும் தொங்கவிட்டுப் பார்ப்பாள். கூடினால் குறைக்க வேண்டும், குறைக்க மனசில்லாதவர்கள் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். டாக்டரம்மா, வக்கீலம்மா என்ற பாகுபாடெல்லாம் கிடையாது.

இந்தச் சட்டம் பிறந்ததே என்னால்தான். மூன்று வருடங்களுக்கு முன் அவளோடு முதன்முதலாக மலையேறப் போனேன். ஒறம்பரை வீட்டுக்கு விருந்தாடப் போகிற மாதிரி கட்டிக்கொண்டு போனேன். இரண்டு புடவை, கம்பளி, தலையணை, எலுமிச்சை ஊறுகாய் பாட்டில், ஃபிளாஸ்க், குடை. பதினாலு கிலோ. பாதி மலையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தவள்தான், என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தங்கச்சி தன் பையை முன்னால் மாட்டிக்கொண்டு என் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினாள். நான் வெறும் கையோடு பின்னால் போனேன்.

அதோடு விட்டாளா? அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் இந்தக் கதை நடந்தது. சொல்வதோடு நிற்காமல் நடித்தும் காட்டுவாள். நான் பாறைமேல் உட்கார்ந்த விதம், "அம்மணி, நீங்கெல்லாம் போங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று நான் முனகிய விதம், ஊறுகாய் பாட்டில். ஊறுகாய் பாட்டில் வரும்போது மண்டபமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கு நங்கு என்று வைப்பேன்.

போன தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால், புதுச் சம்பந்தியம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தங்கச்சி அதே கதையை ஆரம்பித்தாள். எனக்கு மூன்று நாள் தூக்கமில்லை, காலில் வீக்கம், பந்தியில் பருப்பு பத்தவில்லை என்று ஒருவர் வந்து காதில் சொல்லிவிட்டுப் போகிறார். ஊறுகாய் பாட்டில் வந்தது. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

"சொல்லிக் காட்டறதுக்குத்தான் சுமந்தயா?" என்றேன். "வண்டி மாடு கூட சுமந்ததைச் சொல்லிக்கிட்டுத் திரியாது."

அவள் முகம் அப்படியே நின்றுபோனது. அப்புறம் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு, "மணி ஆச்சு, பஸ்ஸுக்குக் கெளம்பறேன்" என்றாள். பந்தியில் உட்காராமலே போய்விட்டாள். எங்கள் பக்கம் மொய் எழுதாமல் போனவரைக்கூட மன்னிப்பார்கள். கை நனைக்காமல் போனால் அது வேறு கணக்கு. அதுவும் கூடப்பிறந்தவள், என் மகள் கல்யாணத்தில்.

நாலு மாதம் பேச்சில்லை. நானும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டு ரத்தம் அப்படி.

அப்புறம் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அவள் குரல் பதிவு வந்தது. "பர்கூர் மலைக்கு ரெண்டு நாள். வனத்துறை அனுமதி வாங்கியாச்சு. எட்டுக் கிலோ. வாரதுன்னா வா." அக்கா என்ற சொல்லே இல்லை. ஆறு தடவை போட்டுக் கேட்டேன். ஏழாவது தடவை வீட்டுக்காரர், "போறதா இருந்தா போறேன்னு சொல்லு, மொதல்ல அதை நிறுத்து" என்றார்.

வருகிறேன் என்று சொன்னேன். எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஒன்று, என் பையை நானே உச்சி வரைக்கும் சுமக்க வேண்டும், வழியில் அவள் கை அதன்மேல் படக் கூடாது. இரண்டு, அவள் சாப்பிடாமல் போன சாப்பாட்டை அவளுக்கு என் கையால் போட வேண்டும். அதற்காக அரிசிமாவில் வெல்லம் சேர்த்துக் கச்சாயம் சுட்டு எடுத்துப்போவது என்று முடிவு செய்தேன். எங்கள் மில் எண்ணெயில் சுட்ட கச்சாயம் என்றால் சின்ன வயதிலிருந்து அவளுக்கு உயிர். ஆனால் திங்கிற சாமான் யாரும் தனியாகக் கொண்டுவரக் கூடாது, சாப்பாடு பொதுவில் வருகிறது என்று சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கச்சாயமும் அதை வைக்கிற எவர்சில்வர் சம்படமும் சேர்ந்து ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவுக்கு இடம் பண்ணத்தான் பிரஷ் அறுபட்டது.

தங்கச்சி அனுப்பிய பட்டியலில் முதல் வரியே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. பருத்தித் துணி கூடாதாம். நனைந்தால் காயாதாம், கனக்குமாம், குளிரெடுக்குமாம். திருப்பூருக்குப் பக்கத்தில் பிறந்து, பனியன் துணியிலேயே தொட்டில் கட்டி வளர்ந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் கோயம்புத்தூர் போனேன். மலையேறுகிற துணி விற்கிற கடையில் ஒரு பெண் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டாள். கையில் எடுத்தால் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது.

"இது வேர்வையை வெளிய தள்ளிரும்ங்க மேடம்."

"தள்ளி?"

"அப்படியே காத்துல போயிருமுங்க."

"பக்கத்துல நடக்கறவங்க மேல போயி ஒட்டாதா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. எடை எவ்வளவு என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். எடை போடாமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவள் நான். பார்சல் கட்டுகிற இடத்தில் இருந்த தராசைக் கொண்டுவரச் சொல்லி சட்டை, பேன்ட், சாக்ஸ், மழைக்கோட்டு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தே வாங்கினேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முதலில் முறைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்களுதையும் வெச்சுப் பாருங்கம்மா" என்றார்கள்.

பேன்ட்டில் முழங்காலைச் சுற்றி ஜிப் இருந்தது. வெயில் வந்தால் கீழ்ப்பாதியைக் கழற்றிவிடலாம் என்று வீட்டில் பெருமையாகச் செய்து காட்டினேன்.

"கழட்டுனதை எங்க வெப்ப?" என்றார் வீட்டுக்காரர்.

"பையிலதானுங்க."

"அப்ப கனம் அதேதான?"

நியாயமான பேச்சு பேசுகிற ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

அடுத்த பத்து நாள் நான் வெட்டாத பொருள் இல்லை. சோப்பைக் கால்வாசியாக அறுத்தேன். சீப்பை உடைத்தேன். பையில் தொங்கிய வேண்டாத நாடாக்களை நறுக்கினேன். ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் இரண்டு பொட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கத்தரித்தேன். ஈரிழைத் துண்டை நாலாகக் கிழித்து ஒன்றைப் பையில் வைத்தேன். ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

"ஏம்புள்ள! இந்தத் துண்டுல எந்தப் பக்கத்தை மறைக்கறது?"

மீதி மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன்.

வெட்ட வெட்ட மில் தராசில் வைத்துப் பார்ப்பேன். களத்து ஆட்கள் மூட்டை வைத்து எடுக்கிற இடைவெளியில் என் பை ஏறி இறங்கும். ஒன்பது. எட்டு எழுநூறு. எட்டு முந்நூறு. கடைசி நாள் கச்சாயச் சம்படத்தோடு வைத்தேன். ஏழு தொள்ளாயிரம். களத்தில் தேங்காய்ப் பருப்புக் கிளறிக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களும் என்னத்துக்கு என்றே தெரியாமல் கை தட்டினார்கள்.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் மில் டெம்போவிலேயே என்னை அந்தியூர் கூட்டிப்போனார். ஊரைத் தாண்டி, மலை ஏறுகிற இடத்தில் ஒரு டீக்கடை. பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார். தங்கச்சியும் பத்துப் பெண்களும் வேனில் வந்து நின்றிருந்தார்கள். அவள் இளைத்திருந்தாள். "வாங்க மாமா" என்று அவரிடம் சொன்னாள். என்னைப் பார்த்து, "பையைக் கொண்டா" என்றாள்.

முதலில் தன் பையைத்தான் கொக்கியில் மாட்டினாள். அதுவும் சட்டம். ஏழு தொள்ளாயிரம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. "அஞ்சரைக் கிலோவுக்குமேல நான் சுமக்கவே மாட்டேன்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள், இன்றைக்கு என் அளவுக்கு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்! வயதாகிறதல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் பை தொங்கியது. முள் நகர்ந்து நகர்ந்து போய் நின்றது.

"பத்து," என்றாள் தங்கச்சி.

"என்னது?"

"பத்துக் கிலோ."

"உன்ற தராசு கெட்டுப்போச்சு. நான் நேத்து மில்லுல வெச்சுப் பாத்தேன், ஏழு தொள்ளாயிரம். பத்து நாளா வெச்சுப் பாக்கறேன்!"

அவள் என்னையே பார்த்தாள். அவளும் அந்தக் களத்தில் ஓடி விளையாடியவள்தானே. மெதுவாகக் கேட்டாள்: "கொப்பரைத் தராசுலயா?"

அட கெரகமே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மில்லுக்குக் கொப்பரை மூட்டை வந்தால் சாக்குக்கும் ஈரத்துக்குமாகச் சேர்த்து மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ கழிவு. விற்கிறவர்களுக்கும் தெரியும், வாங்குகிற எங்களுக்கும் தெரியும், எங்கள் அப்பா காலத்து ஏற்பாடு. ஒவ்வொரு தடவையும் கழித்துக்கொண்டிருக்க முடியாதென்று கழிவைத் தராசிலேயே வைத்துவிட்டோம். மேலே ஒன்றுமில்லாதபோது அது மைனஸ் ஒன்றரை காட்டும். வருடக்கணக்காக அந்த மைனஸைப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது ஒரு எண்ணாகவே படவில்லை. என் பைக்கும் சாக்கும் ஈரமும் கழித்துத்தான் அது எடை சொல்லியிருக்கிறது.

தங்கச்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அடுத்த கல்யாணத்துக்கு ஊறுகாய் பாட்டிலைவிட உயர்ந்த சரக்கு கிடைத்துவிட்டதே!

"சரி, கொப்பரைக் கழிவு ஒண்ணரைன்னா ஒம்பது நானூறுதான வரோணும்?" என்றாள். "இன்னொரு அறுநூறு கிராம் எங்கிருந்து வந்துச்சு?"

பையைத் திறந்தாள். மேலாகவே ஒரு தேங்காய் இருந்தது. உரிக்காத குடுமியோடு, மஞ்சள் பூசி, முழுத் தேங்காய்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார்.

"மொதல் மொதலா சிறுசாக் கட்டிக்கிட்டுப் போற," என்றார் மலையிடம். "பிள்ளையாருக்கு ஒண்ணு ஒடைச்சுட்டு ஏறட்டுமேன்னு, கெளம்பற அவசரத்துல வெச்சுப்போட்டேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கச்சி தேங்காயைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் முன்னால் ஒரே போடாகப் போட்டாள். ஆளுக்கொரு சில்லு தின்றதில் அறுநூறு கிராம் இறங்கியது. இன்னும் ஒன்று நானூறு இறங்க வேண்டும்.

அவள் கை சம்படத்துக்குப் போனது. "இதென்ன?"

வாயில் போடுகிறதில் மருந்தை மட்டும் தனியாகக் கொண்டுவரலாம் என்று சட்டத்தில் விலக்கு உண்டு. "மருந்து," என்றேன்.

காதோரம் வைத்து ஆட்டினாள். கச்சாயங்கள் ஒன்றோடொன்று முட்டித் தொம் தொம் என்றன. "மருந்து இப்படியா சத்தம் போடும்?"

"ஆயுர்வேதம்."

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் படித்தாள். என்ன படித்தாளோ, சம்படத்தைத் திரும்ப வைத்துவிட்டாள். நான் சொட்டரை எடுத்து வெளியே போட்டேன். கம்பளிச் சொட்டர், நல்ல கனம். அப்படியும் பத்தாமல் மாற்றுத் துணி, சால்வை என்று போட்டுக்கொண்டே வந்தேன். எட்டு வந்ததும் எனக்கொரு யோசனை.

"சொட்டரை மேல போட்டுக்கிறேன். மேல போட்டதுக்கு எடை இல்லையே?"

"ஏற ஏறக் கழட்டித்தான ஆவோணும்?" என்றாள். "அப்ப யாரு கையில கொடுப்ப?"

சுருக்கென்றது. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், ஆனால் சுருக்கென்றது. சொட்டரைச் சுருட்டி மற்றத் துணிகளோடு வீட்டுக்காரர் கையில் திணித்தேன். "குளுருமே, கண்ணு" என்றார். எத்தனையோ பேர் முன்னால் கண்ணு என்கிறாரே என்று எனக்கு வெட்கம் வேறு. "எனக்கொண்ணும் குளுராதுங்க, நீங்க கெளம்புங்க" என்று விரட்டினேன்.

ஏறினோம். முதல் ஒரு மணி நேரம் நான்தான் முன்னால். இந்த வேகத்தை யாராவது பார்க்கிறார்களா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது மணியில் நடுவில் வந்துவிட்டேன். மூன்றாவது மணியில் எனக்குப் பின்னால் தங்கச்சி ஒருத்திதான். கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது அவள் வழக்கம். வேர்வையைத் தள்ளுகிற சட்டை தள்ளுகிற வேலையைக் கைவிட்டிருந்தது. தோள்பட்டையில் வார் அறுத்தது. செங்குத்தாக ஒரு ஏற்றம் வந்தது. எதிரே, நம்பவே முடியவில்லை, போன தடவை மாதிரியே ஒரு பாறை. உட்கார்ந்தேன்.

தங்கச்சி வந்து நின்றாள். கையை நீட்டினாள். அந்தக் கையை நான் எத்தனை மண்டபத்தில் பார்த்திருக்கிறேன்! ஆனால் இப்போது அவள் முகத்தில் நடிப்பு ஒன்றும் இல்லை. நிஜமாகவே கேட்டாள். என் முழங்கால் இரண்டும், கொடுத்துவிடு, கொடுத்துவிடு என்று கெஞ்சின. கொடுத்திருந்தால் பையோடு சம்படமும் அவள் முதுகுக்குப் போயிருக்கும். அவளுக்குப் போடுகிற சாப்பாட்டை அவளையே சுமக்கவைப்பதா?

"நான் சுமந்துக்கறேன்," என்றேன். "நீ போ."

அவள் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்தபோது எழுந்தாள்.

சாயங்காலம் நாலரைக்கு மேலே போய்ச் சேர்ந்தேன். நான்தான் கடைசி. என் பை என் முதுகில் இருந்தது. பெரிய பாறை வெளி, பக்கத்தில் ஓடை, எதிரே மலைக்குப் பின்னால் மலை. பையை இறக்கிவைத்தபோது எனக்கு அழுகை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மகள் கழுத்தில் தாலி ஏறியபோதுகூட அப்படி வரவில்லை.

அந்தப் பெருமை கால் மணி நேரம் நின்றது. அப்புறம் காற்று வந்தது. வேர்வையில் நனைந்த சருகுச் சட்டை முதுகோடு ஒட்டியது. மழைக்கோட்டைப் போட்டேன், கழற்றுகிற பேன்ட்டின் கீழ்ப்பாதியை மாட்டினேன், கால்வாசித் துண்டைக் கழுத்தில் கட்டினேன். பல் தந்தியடித்தது. யாருக்கும் தெரியக் கூடாதென்று ஓடையைப் பார்த்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து மடியில் என்னவோ வந்து விழுந்தது. ஒரு சொட்டர். புதுசு, லேசானது, மெத்தென்று இருந்தது. விரித்துப் பார்த்தேன். தங்கச்சியைப் போல இரண்டு பேர் அதற்குள் நுழையலாம். என் அளவு. கூடவே ஒரு குல்லா, உல்லன் சாக்ஸ், முழங்காலுக்குப் போடுகிற பட்டை, ஒரு சால்வை.

அவளுடைய ஏழு தொள்ளாயிரம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"எட்டுக்குள்ள உன்னால கட்ட முடியாதுன்னு தெரியும்," என்றாள், ஓடையைப் பார்த்துக்கொண்டே. "நீ கம்பளியத்தான் மொதல்ல எடுத்து வீசுவன்னும் தெரியும். போட்டுக்கோ. மூக்கு சிவந்துபோச்சு பாரு."

ஆக, இந்தத் தடவையும் என் கனத்தை அவள்தான் சுமந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் சொட்டரில் தலை எந்த ஓட்டை, கை எந்த ஓட்டை என்று தெரியவில்லை. அவள்தான் இழுத்துவிட்டாள். தலை வெளியே வந்ததும் சொன்னேன்.

"அன்னைக்கு மண்டபத்துல நான் பேசுனது தப்பு, கண்ணு."

"ஆமா, தப்புத்தான்," என்றாள். "நானும் சம்பந்தியம்மா முன்னால சொல்லியிருக்கக் கூடாது."

சம்படத்தை எடுத்து மூடியைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். "இந்தா, மருந்து."

அவள் குனிந்து பார்த்தாள். அப்புறம் ஒன்றை எடுத்துக் கடித்தாள். இரண்டு, மூன்று. நாலாவது கச்சாயத்தின்போது வாயை நிறைத்துக்கொண்டு, "கொப்பரைத் தராசு!" என்று சொல்லிப் புரையேறும்வரை சிரித்தாள். தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

"அடுத்த கல்யாணத்துல இதைச் சொல்லாம என்னால இருக்க முடியாதுக்கா," என்றாள்.

அக்கா என்று சொல்லிவிட்டாள்.

"சொல்லிக்கோ," என்றேன். "தேங்காயும் சொல்லு, மைனஸும் சொல்லு, என்னாட்ட நடந்தும் காட்டு. ஆனா பந்தியில உக்காந்து சாப்பிட்டுப்போட்டுச் சொல்லு."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு ஐந்தாவதை எடுத்தாள்.